மேளம் மட்டும் வந்தால் போதும்

ஒரு சாமியை அதன் ஊரிலேயே விட்டுவிட்டு, மேளத்தையும் ஆட்டத்தையும் மட்டும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? முடியும் என்று நம்பும் ஓர் இனம் இருக்கிறது. ஓசூரில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. தாளம் இறக்குமதி செய்வோர் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம்.

ஹரீஷ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கம்பெனி அவரைப் பிரேசிலுக்கு அனுப்பியது இயந்திரம் பழக. அவர் பழகி வந்தது அதபாக்கி என்ற உயரமான மேளம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்டவர்கள் தங்கள் தெய்வங்களைக் காப்பாற்றி வைத்தது இந்த மேளத்தில்தான். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனி அடி, அடித்தால் அது ஆள்மேல் இறங்கி ஆடும். இதையெல்லாம் அவர் உங்களுக்கு லிஃப்டில் வைத்தே விளக்குவார். கடல்தாய் இயெமன்ஜாவின் பெயரை நீங்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவார். அந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்களைப் போலவே வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போடுவார். கடைசியில் தோளைத் தட்டி, "மதமெல்லாம் இல்லைங்க, வெறும் எனர்ஜி" என்பார். காவேரிப்பட்டினத்தில் சொந்த ஊர் அங்காளம்மனுக்குப் பம்பை அடிக்கும் நாளில் மட்டும் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

பஜனைக்கும் ஜெபத்துக்கும் மறுத்த கூடத்தை, குடியிருப்புச் சங்கம் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவருக்கு ஞாயிறுதோறும் மேளமும் ஆட்டமும் சொல்லித்தரக் கொடுத்தது. சாமி கீமி என்று பேச்சு வந்தால் அன்றோடு சாவியைத் திருப்பித் தரவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் ஷிப்ட் பார்த்தார்.

ஒரு ஞாயிறு, ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா மாதேஸ்வரி ஓரமாக உட்கார்ந்து, டிராக் பேன்ட் போட்ட மாணவர்கள் கடலலை போல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரீஷ்குமார் இயெமன்ஜா அடியில்தான் தொடங்கினார். வேகம் கூடியது. பிறந்ததிலிருந்து கேட்ட அடி எங்கே போகும்? கை தானாகப் பம்பை அடிக்குத் தாவிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. மாணவர்களும் கவனிக்கவில்லை, இன்றைக்கு எனர்ஜி நன்றாக வருகிறது என்று ஒருவர் மெச்சவும் செய்தார்.

அக்கா எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது.

"யாருடா என்னெக் கூப்புட்டது?"

டிராக் பேன்ட்டுகள் சுவரோரம் ஒதுங்கின. சத்தம் கேட்டு வந்த சங்கச் செயலாளர் முனிவேல், ஹரீஷ்குமாரின் காதருகே குனிந்தார். "சார், அக்காவுக்கு பிபின்னு சொல்லி நிறுத்திடுங்க. நான் ஒன்னும் பாக்கல. இல்லன்னா சாவியக் குடுத்துருங்க."

நியாயமான யோசனை. நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். சிரிக்க வேண்டாம்: தூக்கம் வரவேண்டி அலைபேசியில் போட்டுக் கேட்கிறீர்களே, எந்த நாட்டு மந்திரமோ, அது யாரைக் கூப்பிடுகிறது என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா? வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?

ஹரீஷ்குமார் மேளத்தை நிறுத்தவில்லை. "நாந்தான் தாயி கூப்புட்டேன்" என்றார். சாமி மலையேறும்வரை அடித்தார். பிறகு அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சாவியை முனிவேலின் கையில் வைத்தார். பிபி என்று சொல்லியிருக்கலாமே என்று மாணவர்கள் இன்றும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவர், இதற்கு மட்டும் ஊரில் அடுத்த பம்பை என்றைக்கு என்று தேதி சொல்கிறார்.