அடியும் பிடியும்

ஐஸ் கரைந்துவிட்டது. பாத்திரம் பிரியவில்லை.

ஸ்பிரிங் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுப்பு மேடையில் உட்கார்ந்திருந்த எதிரியை முறைத்தார். எதிரி ஒன்றல்ல, இரண்டு. ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இன்னொரு எவர்சில்வர் பாத்திரம் கழுத்து வரை இறங்கி, கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்ததற்கு நீளமாக ஒரு கைப்பிடி. வெளியே இருந்தது மொட்டை. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு தழும்புகள் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் அவர் இயற்பியல் வாத்தியார். கரும்பலகையின் உச்சியில் எழுத எம்பி எம்பி இறங்குவதால் மாணவர்கள் வைத்த பெயர் ஸ்பிரிங். உள்ளுக்குள் அவருக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது.

பிடிக்காமல் போனது போன வாரம் மனைவி சொன்ன வார்த்தைதான்.

"கதவு கிரீச்சுங்குதுன்னா உராய்வுங்கறீங்க. குழாய் ஒழுகுதுன்னா அழுத்தம்ங்கறீங்க. உங்க படிப்புக்குப் பேர் வைக்கத்தான் தெரியுது. இந்த வீட்ல ஒரு சாமானையாவது அது சரி பண்ணியிருக்கா?"

"சுருக்கமாச் சொன்னா, கீல்ல மசகு இல்லாததால..."

சுருக்கமாக அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பையோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று காலையில் போன் வந்தது. "சாயங்காலம் வர்றேன்."

"வா, வா! நானே ஸ்டேஷனுக்கு..."

"வேணாம். மிச்சத் துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

மிச்சத் துணிமணி. துணிமணி போனால் ஆளும் போனதாகத்தான் அர்த்தம். இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

அவள் இல்லாத நாட்களில் வாழ்க்கையில் முதல் முறையாகப் பாத்திரம் துலக்க நேர்ந்தது. அப்போதுதான் இந்த ஜோடி கண்ணில் பட்டது. ஐயோ பாவம்! ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டதைப் பிரிக்க முடியாமல், இரண்டையும் சேர்த்தே அடுப்பில் ஏற்றி இத்தனை நாள் டீ போட்டிருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? கேட்டிருந்தால் 'உராய்வு' என்றிருப்பார்.

இதைப் பிரித்து அவள் கையில் கொடுத்தால்? படிப்பு ஒரு சாமானைச் சரி பண்ணிவிட்டதாக ஆகுமே! அப்புறம் எதற்கு மிச்சத் துணிமணி?

வெப்ப விரிவு அவருக்கு மனப்பாடம். தினமும் கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். சுவர்கூட ஒரு எதிரொலி தரும். அவளிடமிருந்து அதுவும் வராது.

வெளிப்பாத்திரம் சூடானால் விரியும். உள்பாத்திரம் குளிர்ந்தால் சுருங்கும். ஆகவே கீழே ஒரு தட்டு நிறைய வெந்நீர், மேலே ஐஸ் தண்ணீர். கணக்கு சரிதான். விடைதான் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. தளும்பத் தளும்ப ஊற்றிய ஐஸ் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஆவியாயிருக்கும்" என்றார் தனக்குத்தானே. ஐஸ் தண்ணீர் அத்தனை வேகமாக ஆவியாகும் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தால் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

வெந்நீர் போதாது, நெருப்பே வேண்டும் என்று முடிவு கட்டினார். ஜோடியை நேரே அடுப்பில் ஏற்றி, புதிதாக ஐஸ் கொட்டி, ஐஸ் சீக்கிரம் கரையாதிருக்க ஒரு மூடியை வைத்து அழுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரம் முனகியது. அப்புறம் நடுங்கியது. இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே எப்படியோ புகுந்திருந்த தண்ணீர் கொதித்து, வெளியேற வழி தேடுவது அவருக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் அது வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

பட்டீர்!

மூடி பறந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் இறக்கையில் மோதி, ஜன்னல் வழியே தெருவுக்குப் போனது. வளைந்த இறக்கையோடு விசிறி இப்போது சுற்றவில்லை, ஆடியது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊஞ்சலாக ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூரையிலிருந்து ஒரு கரண்டி சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வாத்தியாரே!" மாடியிலிருந்து குரல். மாடிவீட்டு டெய்லரக்கா. "என் மிஷின் தன்னால நடந்து வாசப்படிக்குப் போகுது! கீழ என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, சின்ன அலைவு!" ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"உங்க அலைவுல எனக்கு ஊசி உடைஞ்சது!"

ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தார். கூடவே மூளையில் அடுத்த பாடம் பளிச்சிட்டது. மீள்தன்மை!

"அக்கா, எலாஸ்டிக் இருக்கா?"

"இருக்கு. கவுனுக்கா, கால்சட்டைக்கா?"

"இழுக்கறதுக்கு."

மேல் ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து அவரை ஏற இறங்க அளந்தது.

"வீட்டம்மா இல்லாத நேரத்துல நீங்க கேக்கறது எதுவும் நல்லால்ல சார்" என்றபடி ஒரு எலாஸ்டிக் சுருளைப் போட்டாள். "வேலை முடிச்சதும் வந்து மிச்சத்தை வாங்கிக்குவேன். புதுச் சுருள், சொல்லிட்டேன்."

மொட்டைப் பாத்திரத்தை ஈரத் துண்டால் சுற்றி சமையலறைக் குழாயில் கட்டினார். உள்பாத்திரத்தின் கைப்பிடியில் எலாஸ்டிக்கை முடிந்து, கூடத்தைத் தாண்டி இழுத்துப்போய் பீரோவின் கைப்பிடியில் மாட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. இழுக்க இழுக்க விசை கூடும். எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். அது பாத்திரமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார்.

அது பீரோவின் பூட்டு.

கதவு 'தடால்' என்று திறந்தது. உள்ளே அடுக்கியிருந்த மனைவியின் மிச்சத் துணிமணி மொத்தமும், காலையிலிருந்து அவர் கொட்டிய தண்ணீர் தேங்கிக் கிடந்த தரையில் விழுந்தது. துண்டிலிருந்து நழுவிய ஜோடிப் பாத்திரம் எலாஸ்டிக்கில் தொங்கிக்கொண்டு பாய்ந்து வந்து அவர் நெற்றியில் மோதியது. திரும்பிப் போனது. மறுபடி வந்து மோதியது. தனி ஊசலின் இலக்கணம் பிசகாமல் மூன்றாம் முறையும் வந்தபோதுதான் குனிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். பூப்போட்ட அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பிழிந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவள் போட்டு வந்தது. அவர் பேச்சு முடிந்ததும் முதல் கைத்தட்டல் அவளுடையதுதான். இரண்டாவது கைத்தட்டலே வரவில்லை என்பது வேறு விஷயம்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சட்டையிடம். "பாத்திரம் மாட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை."

சட்டை பதில் சொல்லவில்லை. கடிகாரம்தான் சொன்னது, சாயங்காலம் ஆகிவிட்டது என்று.

எழுந்தார். துணிகளை நாற்காலிகள் மேல் விரித்தார். ஃபிரிட்ஜில் ஒரே ஒரு ஐஸ் பாக்கெட் மிச்சமிருந்தது. பிரித்துக் கொட்டப் பொறுமையில்லை. பிளாஸ்டிக் உறையோடு அப்படியே உள்பாத்திரத்தில் திணித்தார். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, ஜோடியை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். இந்தத் தடவை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கும் போகவில்லை.

டக்.

பூட்டு திறப்பதுபோல அத்தனை இனிமையான ஒரு சத்தம். கைப்பிடியைத் தூக்கினார். தனியாக வந்தது!

அதே நேரத்தில் வாசல் மணி அடித்தது.

மனைவி உள்ளே வந்தாள். கோணிக்கொண்டு தொங்கிய விசிறியைப் பார்த்தாள். வாயைப் பிளந்த பீரோவைப் பார்த்தாள். நாற்காலிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்த தன் ஈரத் துணிகளைப் பார்த்தாள். கடைசியாக அவர் நெற்றியில் புடைத்திருந்த உருண்டையைப் பார்த்தாள்.

"என்னங்க இது? யாராவது திருட வந்தாங்களா?"

"கண்ணை மூடிக்கோ."

"திறந்திருக்கறப்பவே இவ்வளவு நடந்திருக்கு. மூடினா வீடு மிஞ்சுமா?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை முன்னால் கொண்டுவந்தார். வலது கையில் ஒரு பாத்திரம், இடது கையில் ஒரு பாத்திரம்.

"பிரிச்சுட்டேன்!" கால் விரல்களில் எம்பி நின்றார். "வெப்ப விரிவு! நீ கேட்டியே, உங்க படிப்பு ஒரு சாமானையாவது சரி பண்ணியிருக்கான்னு. இதோ!"

அவள் தோளில் இருந்த பை மெதுவாக நழுவித் தரைக்கு வந்தது. பூரிப்பு என்று நினைத்துக்கொண்டார் ஸ்பிரிங் சார்.

"எத்தனை நாளா ரெண்டையும் சேர்த்துத் தூக்கிக் கஷ்டப்பட்டியோ. இனிமே அது தனி, இது தனி."

கைப்பிடி இருந்த பாத்திரத்தை வாங்கினாள். குழாயடியில் பிடித்து நிரப்பினாள். அப்படியே அவர் கால்களுக்கு மேலே கொண்டுவந்து பிடித்தாள்.

பாத்திரத்தின் அடியிலிருந்து நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கி, அவருடைய கட்டை விரலில் குளிர்ச்சியாக விழுந்தது.

எம்பி நின்ற ஸ்பிரிங் சார் மெள்ள இறங்கினார். காலையில் ஆவியாகிப் போன ஐஸ் தண்ணீர் ஞாபகம் வந்தது.

மனைவியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று குனிந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மிச்ச எலாஸ்டிக்கை வாங்க வந்த டெய்லரக்கா, வாசற்படியிலேயே கன்னத்தில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"அடக் கடவுளே, இதை யார் சார் பிரிச்சது? ஒண்ணுக்கு அடி ஓட்டை, ஒண்ணுக்குப் பிடி இல்லேன்னு, நீங்க கண்ணாடி முன்னாடி சொல்ற பாடத்தைக் கேட்டுக் கேட்டே, கீழதைச் சுட வச்சு, மேலதுல ஐஸ் வச்சு, உங்க வீட்டம்மா சேர்த்து இறுக்கின பாத்திரமாச்சே!"