மருந்துச் சாமானும் ஒரு பொட்டலம் காப்பித்தூளும்

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு பொட்டலம் காப்பித்தூள் வாங்கி வர வேண்டும்.

காஜா பேராங்கில் என் வாடகை வீட்டுக்கும் பாய் கடைக்கும் நடுவில் நாலு வீடுதான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நடந்தால், கடைசிப் பொத்தான் வருவதற்குள் கடை வந்துவிடும்.

ஆனாலும் அதுவரை அந்தக் கடைக்கு நான் சாமான் வாங்கப் போனதில்லை. நான் ஒரு ரப்பர் வியாபாரியிடம் கணக்கெழுதும் கிராணி. சம்பளத்தை வீட்டில் கொடுப்பேன். சாமான் தானாக வரும். நாலு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தானாக வரவைத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி சரோஜா. வீட்டிலேயே தையல் தைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் நாங்கள் பிரிந்தோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக இருந்திருந்தால் நாலு பேர் கூடிப் பேசிச் சரிசெய்திருப்பார்கள். சின்னச் சின்னதாக நிறைய இருந்தது. எதில் தொடங்குவது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பிரிவு மரியாதையாகவே நடந்தது. செமாபோக்கிலிருந்து அவள் அண்ணன் லாரி பிடித்து வந்தார். தையல் மிஷின் அவளுக்கு. கட்டில் எனக்கு. குத்துவிளக்கு அவளுக்கு. ரேடியோ எனக்கு. கரண்டிகளைக்கூட எண்ணிப் பிரித்தோம்.

பாய் கடைப் பாக்கியைப் பிரிக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனைவி போனால் அவளோடு நம் பேரும் லாரி ஏறிவிடும் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. சலவைக்காரர் என் சட்டைகளை மடித்து மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மாசக் கடைசில தாரேண்ணே."

"அது அம்மா இருந்தப்ப, தம்பி. இனிமே அப்பப்ப குடுத்துருங்க."

சனிக்கிழமை சந்தி முனைச் சீனர் கடையில் ஒரு சார்டின் டின்னைக் கையில் எடுத்தேன். கடன் என்றேன். கடை முதலாளியான தவுக்கே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் பெண்டாட்டி எங்கே?" என்று மலாயில் கேட்டார். செமாபோக் என்றேன். டின்னை வாங்கி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். ரொக்கம் என்றால் சிகரெட்டுகூடத் தருவதாக ஆறுதல் சொன்னார்.

சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். கையில் பணம் மூன்று வெள்ளி. பாயும் கைவிட்டால் மாசக் கடைசிவரை நான் ரேடியோவைத்தான் சாப்பிட வேண்டும்.

இந்த நிலையில்தான் காப்பித்தூள் வாங்கப் போனேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கடை வாசலில் சரம் சரமாகக் காகிதக் கொடிகள். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடு இனி எப்படி நடக்கும் என்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க. நீங்க யாரு வீடு?" என்றார் பாய்.

நாலு வருஷம். நாலு வீடு தள்ளி. சொந்தப் பேரைச் சொன்னேன். பாயின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அலுவலகத்தைச் சொன்னேன். ம்ஹூம்.

"தையக்காரம்மா வீடு" என்றேன் கடைசியில்.

"அட! தையக்காரம்மா வீட்டுக்காரரா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" ஒரு கொடியை உருவி என் கையில் கொடுத்தார். "இனாம் தம்பி. வாசல்ல கட்டுங்க. என்ன வேணும்?"

"காப்பித்தூள். கணக்குல எழுதிக்கங்க."

பொட்டலம் பாதி தூரம் வந்தது. நின்றது.

"அம்மாவ ரெண்டு வாரமாக் காணோமே?"

பெஞ்சில் நாடு நின்றுவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். உண்மையைச் சொல்லித்தான் சலவைக்காரரிடமும் தவுக்கேயிடமும் பேரைத் தொலைத்திருந்தேன்.

"செமாபோக்குல அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா. அண்ணிக்குப் பிரசவம்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

"மாஷா அல்லா! என்ன குழந்தை?"

"ஆண்."

"எப்போ?"

"முந்தாநாள்."

"அப்ப நீங்க மாமா ஆயிட்டீங்க" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கை குலுக்கினார். மற்றவர் அந்தக் கையை வாங்கித் தாமும் குலுக்கினார்.

காப்பித்தூள் மிச்ச தூரத்தையும் கடந்து என் கைக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன். அப்போதே வெளியே நடந்திருக்க வேண்டும். நான் நின்று நன்றி சொன்னேன்.

"மருந்துச் சாமான் வாங்கியாச்சா?" என்றார் பாய்.

"என்ன மருந்து?"

"சரியாப் போச்சு! பிள்ளை பெத்தவங்களுக்குத் தம்பி!" அவர் கை அதற்குள் டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்திருந்தது. சுக்கு. மிளகு. திப்பிலி. ஓமம். ஒரு மாலையே கட்டலாம் என்னும் அளவுக்குப் பூண்டு. கருப்பட்டி. நல்லெண்ணெய் இரண்டு போத்தல்.

"பாய், அங்க எல்லாம் இருக்கு."

"அந்தக் கடைக்காரன் திப்பிலிய நம்பாதீங்க. காசு கெடக்குது. கணக்குல எழுதிக்கறேன்."

எழுதிக்கொண்டார். பத்து காசுக் காப்பித்தூளுக்காகச் சொன்ன பொய் பன்னிரண்டு வெள்ளிக்கு வளர்ந்து கோணிப்பையில் நின்றது.

சரி, பூண்டை வைத்து மாசத்தை ஓட்டலாம் என்று பையைத் தூக்கினேன்.

"அத வேன்ல வைங்க" என்றார் பாய். "ஞாயித்துக்கிழமையில நான் செமாபோக் பக்கந்தான் வசூலுக்குப் போறேன். ஒரு எட்டு குழந்தையையும் பாத்துட்டு வந்துருவோம்."

"குழந்தை தூங்கும், பாய்."

"தூங்குற குழந்தையத்தான் பாக்கணும். முழிச்சா அழும்."

"ரோடு சரியில்ல."

"மருந்துச் சாமான் குலுங்குனா ஒண்ணும் ஆவாது."

வேன் புறப்பட்டது. பெஞ்சுக்காரர்கள் கையசைத்தார்கள். என் கையில் காகிதக் கொடி படபடத்தது.

செமாபோக் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மச்சான் வீடு மறந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பாய் வண்டியை நிறுத்தி, எதிரே வந்த மலாய்க்காரரிடம், புதிதாகத் தையக்காரம்மா ஒருத்தர் வந்திருக்கும் தமிழர் வீடு எது என்று கேட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

கோணிப்பையோடு இறங்கினோம். வாசலில் என் மச்சானின் மனைவி ராஜம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரே போடு. கட்டை இரண்டாகப் பறந்தது.

"இவங்க யாரு?" என்றார் பாய்.

வேறு வழியில்லை. "இவங்கதான் அண்ணி."

பாய் நடுங்கிப்போனார். "யம்மா! யம்மா! கோடாலியக் கீழ போடுங்க! மூணு நாளு உடம்பு! பச்சை உடம்பு!"

"யாரு உடம்பு?" என்றாள் ராஜம்மா.

"பிரசவம் ஆனவங்க உள்ள படுக்க வேணாமா?"

"யாருக்குப் பிரசவம்?" கோடாலி இறங்கவில்லை. "என் கடைசிப் பையனுக்கே பள்ளிக்கூடம் போற வயசு. யாரு சொன்னது?"

பாய் என்னைப் பார்த்தார். ராஜம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன்.

அப்போது சரோஜா வெளியே வந்தாள். கழுத்தில் அளவு நாடா. என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த பூண்டைப் பார்த்தாள். அவ்வளவுதான். முழுக்கப் புரிந்துவிட்டது அவளுக்கு. நாலு வருஷப் பழக்கம் லேசில் போகாது.

"உள்ள வாங்க, பாய்" என்றாள். "இங்க யாருக்கும் பிரசவம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டோம். அத இவருக்குச் சொல்ல வாய் வரல போல."

பாய் உள்ளே போகவில்லை. விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தம்பி" என்றார். "முப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன். பாட்டியச் சாகடிச்சுக் கடன் வாங்குனவன் உண்டு. ஒரே பாட்டிய ரெண்டு தடவ சாகடிச்சவனும் உண்டு. பிள்ள பெத்துக் கடன் வாங்குனது நீங்கதான்."

ராஜம்மா சிரித்தாள். அவள் சிரித்ததில் கோடாலி கொஞ்சம் இறங்கியது.

"சரி. குழந்தைதான் பொய். பாக்கி நெசம்" என்றார் பாய். "அறுபத்தெட்டு வெள்ளி. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிட்ட கணக்கு. இப்ப தனித்தனி ஆளு. யாருகிட்டக் கேக்கறது?"

"பாதி பாதி" என்றேன். பெருந்தன்மையாகத்தான் இருந்தது.

"எதுக்குப் பாதி?" என்றாள் சரோஜா. "சிகரெட்டு நானா குடிச்சேன்?"

"நூலும் பட்டனும் நானா உடுத்துனேன்?"

"அந்த நூல்ல தச்சுத்தான் போன மாசம் வீட்டு வாடகை குடுத்தேன்."

இது எனக்குப் புதுச் செய்தி. போன மாசம் சம்பளம் எப்படி நீண்டது என்று நானே வியந்திருந்தேன்.

பாய் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். சிகரெட் எனக்கு. நூலும் பட்டனும் அவளுக்கு. சார்டின் எனக்கு. அரிசியில் இரண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவளுக்கு. அதற்கு ராஜம்மா சாட்சி. ஒரு தீபாவளிக்கு நான் சாப்பிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். தேங்காய் எண்ணெய் அவளுக்கு என்றேன். என் தலையை மூன்று பேரும் பார்த்தார்கள். அது எனக்குப் போனது.

"காப்பித்தூளு?"

பாய் மடக்காத விரலோடு காத்திருந்தார். கோழி ஒன்று வந்து விறகுச் சில்லைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"அது ரெண்டு பேரும் குடிச்சோம்" என்றாள் சரோஜா.

"ஆமா. ரெண்டு பேரும்" என்றேன்.

"நாலு வருஷத்துல ஒத்துப்போன சாமான் அது ஒண்ணுதானா?" என்றார் பாய். இந்தத் தடவை ராஜம்மாகூடச் சிரிக்கவில்லை.

காப்பித்தூளைப் பாதியாகப் பிரித்தார்கள். எனக்கு நாற்பத்தாறு வெள்ளி. அவளுக்கு இருபத்திரண்டு. அவள் உள்ளே போய்ப் பத்து வெள்ளி எடுத்துவந்து அப்போதே கொடுத்தாள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு என் கடையில எப்பவும் கணக்கு உண்டு" என்றார் பாய். "தம்பி விஷயந்தான்..." எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டார். "பொய் சொன்ன ஆளு. யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். யாரு இருக்கா?"

யோசித்தேன். மச்சான் இனி மச்சான் இல்லை. என் முதலாளி எனக்கே பேனா கடன் கொடுக்க மாட்டார். சலவைக்காரரைச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பத்து நாளும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றது.

சரோஜா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். முழுக்கச் சுற்றி முடித்தாள்.

"நான் ஏத்துக்கறேன்" என்றாள். "வாங்குன கடனக் குடுத்துருவாரு. அதுல கொறை சொல்ல முடியாது."

'அதுல' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தினாள். இருந்தாலும் அந்த மாசத்தில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

"எவ்வளவு வரைக்கும், அம்மா?"

"மாசம் பதினஞ்சு வெள்ளி. ஒராளுக்கு அது போதும். சார்டின் வாரத்துக்கு ஒண்ணு. சிகரெட்டு கேட்டா குடுக்காதீங்க, பாய்."

"இங்க பாரு, சரோஜா..." என்றேன்.

"பொறுப்பு வேணுமா, வேணாமா?"

வேணும் என்றேன்.

பாய் கோணிப்பையைத் தூக்கப் போனார். ராஜம்மா முந்திக்கொண்டாள். "வீடு தேடி வந்த மருந்துச் சாமானத் திருப்பி அனுப்புனா நல்லா இருக்காது. எனக்கும் முட்டி வலி இருக்கு."

"இது யாரு கணக்கு?" என்றார் பாய்.

மூன்று விரல்கள் என்னைக் காட்டின.

பாய் என்னைத் திரும்பக் கூட்டிவந்தார். காஜா பேராங்கில் இறங்கும்போது, நான் வேனில் மறந்த காப்பித்தூள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "பேரு வைக்கறப்ப சொல்லி அனுப்புங்க, தம்பி" என்றார். பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று, குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்கள். பாய் என்னை முந்திக்கொண்டு, "தாயும் சேயும் சுகம். தாய் விறகு பொளக்குது" என்றார்.

அதன் பிறகு பாய் கடையில் எனக்குக் கணக்கு தடங்கலில்லாமல் ஓடுகிறது. தையக்காரம்மா சொன்ன ஆள் என்று தெரிந்ததும் சலவைக்காரரும் சட்டைமேல் வைத்த கையை எடுத்துவிட்டார். நாடும் சுதந்திரம் வாங்கிவிட்டது. கொடி இன்னும் என் வாசலில் இருக்கிறது.

சந்தி முனைத் தவுக்கே கடையில் நான் ரொக்கத்துக்குச் சிகரெட் வாங்குவதை மட்டும், இதைப் படிக்கிறவர்கள் யாராவது செமாபோக் பக்கம் போனால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.