ஏகாந்தப் பயணியும் குழுப்படமும்

தனியாகப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கூட வர ஆளில்லாமல் தனியாகப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதுமில்லை. இன்னொரு வகை, தனியாகப் போகப்போகிறேன் என்று நானூறு பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். இந்த இரண்டாம் வகையினருக்கு ஏகாந்தர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெயரில்லாமல் ஒருவரைக் கேலி செய்வது மரியாதை இல்லை.

ஏகாந்தரை அடையாளம் காண்பது எளிது. ஆளை மறைக்கிற பை முதுகில் இருக்கும். பைக்கு வெளியே ஒரு தகரக் குவளை தொங்கும். அவர் நடக்க நடக்க அது கோயில் யானையின் மணி போல அடித்து, தனிமை வருகிறது, தனிமை வருகிறது என்று தெரு முழுக்க அறிவிக்கும். தப்பித் தவறி அவரை 'டூரிஸ்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். "நான் டூரிஸ்ட் இல்லீங்க, பயணி" என்பார். என்ன வித்தியாசம் என்கிறீர்களா? டூரிஸ்ட் குளித்திருப்பார்.

இன்னொன்று. பஸ் வராத ஊரில் ஒருவர் நடந்தால் அதற்குப் பெயர் நடை. வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிற ஊரில் ஒருவர் நடந்தால் அதற்குப் பெயர் லட்சியம்.

நம்முடைய ஏகாந்தர் வெஸ்லி, நெப்ராஸ்காக்காரர். கடல் என்பதைத் தொலைக்காட்சியில் மட்டும் காட்டுகிற ஊர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. சுழல்நாற்காலியை விட்டு இறங்காமலே காப்பி இயந்திரம் வரை போய்வரக் கற்றவர். ஒரேகான் கடற்கரை முழுவதையும் தன்னந்தனியாக நடந்து கடக்கப்போவதாக அவர் அறிவித்த அன்று, வீட்டு விருந்தில் அவருடைய அக்கா கிரெட்டா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீயா? நடக்கப்போறியா? கடை வாசல்ல வண்டி நிறுத்த இடம் கிடைக்கலைன்னா சாமான் வாங்காமலே திரும்பி வர்ற ஆளுடா நீ!"

"பாத்துக்கிட்டே இரு. கரை முழுக்க, ஒத்தை ஆளா, ஒரு வண்டியில கால் வைக்காம!"

சபதம் போட்டாயிற்று. அலுவலகம் கேக் வெட்டி வழியனுப்பியது. முதல் நாள் நடந்தார். இரண்டாம் நாளும் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று மாலை விடுதியில் காலுறையைக் கழற்றியபோது இரண்டு குதிகாலும் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. சுவரில் ஒரு துண்டு விளம்பரம் ஒட்டியிருந்தது. கடற்கரைச் சுற்றுலா, ஒரே நாள், வழிகாட்டி உண்டு, சீஸ் இலவசம். வெஸ்லி அதை மூன்று முறை படித்தார். பிறகு, இனி நடக்கவேண்டிய பாதையை நாளை ஒருமுறை வண்டியில் போய் முன்கூட்டி ஆராய்வது நடைப்பயணத்தின் ஒரு பகுதிதான் என்ற முடிவுக்கு வந்தார். ஏகாந்தர்கள் இப்படிப்பட்ட முடிவுகளுக்குத் தனியாகவே வந்துவிடுவார்கள். அந்த அளவில் அவர்கள் சபதம் தவறுவதில்லை.

ஆக, மறுநாள் முழுக்க அவருக்கு ஒரே ஒரு கவலை. தான் பஸ்ஸில் ஏறியது நெப்ராஸ்காவுக்குத் தெரியக் கூடாது. முக்கியமாக கிரெட்டாவுக்கு.

ரகசியம் காக்க ஏற்ற வண்டியா அது? இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ஒரு நீலத் திமிங்கலம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே. மார்லா என்ற ஐம்பது வயது அம்மாள். மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டால் மூச்சு விடுவதும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிடும்.

"வலது பக்கம் பாருங்க கண்ணுகளா, பசிபிக் பெருங்கடல். இடது பக்கம் பாருங்க, மழை. அஞ்சு நிமிஷம் பொறுங்க, வலது பக்கமும் மழைதான்!"

பஸ் சிரித்தது. வெஸ்லி சிரிக்கவில்லை. சிரித்தால் குழுவில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும் அல்லவா? ஆளுக்கொரு திமிங்கல ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எல்லோரும் மார்பில் ஒட்டிக்கொண்டார்கள். வெஸ்லி சட்டைக்கு உட்புறம் ஒட்டிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் விஸ்கான்சினிலிருந்து வந்த ஆர்லீன் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் அவளுடைய கணவர் நார்பர்ட். கல்யாணமான நாளிலிருந்து பேசும் வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர்.

"தம்பி, உன் திமிங்கலம் எங்க?"

"உள்ள இருக்குங்க."

"குளிருதா அதுக்கு?" என்றாள் ஆர்லீன்.

வண்டி நிற்கும் இடமெல்லாம் ஒரே சடங்கு. வெஸ்லி கடைசியாக இறங்குவார். இறங்கியதும், கடன்காரனைக் கண்டவர் போல விறுவிறுவென்று நாற்பதடி விலகிப் போய், இடுப்பில் கைவைத்து, அடிவானத்தை நெடுநேரம் பார்ப்பார். பின்னால் திமிங்கல பஸ் நிற்காவிட்டால், வடதுருவத்திலிருந்து நடந்தே வந்தவர் என்று நீங்களே சத்தியம் செய்வீர்கள். ஆர்லீன் விடமாட்டாள். "தம்பீ! நம்ம ஆளுங்க எல்லாம் இங்க இருக்கோம்! கடல் இங்கயும் தெரியுது!"

பாறைமுனை ஒன்றில் ஏகாந்தர்களின் தலையாய சடங்கைக் காணும் பாக்கியம் கிடைத்தது. கடலுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றைப் பாறை அது. அதன்மேல் ஒருவர் மட்டும் நின்று படம் எடுத்துக்கொண்டால், உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி விழும். அந்தப் படத்துக்காக மூன்று பஸ் ஜனம் வரிசையில் நின்றது. ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்க்க முடியாது. ஆளுக்கு அரை நிமிடத் தனிமை. சற்று அதிகம் எடுத்துக்கொண்டவரைப் பார்த்து, "ஹலோ, நாங்களும் தனியா நிக்கணும்ல?" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

வெஸ்லியின் முறை வந்தது. கைபேசியை ஆர்லீனிடம் கொடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் பின்னால போங்க. உங்க நிழல் விழுது. இன்னும் கொஞ்சம். அந்தக் குழந்தையை நகரச் சொல்லுங்க. பஸ் தெரியுதா? தெரியக் கூடாது. நீங்க எடுங்க, நான் உங்களைப் பாக்காத மாதிரி இருக்கேன்."

"என்னைப் பாக்காத மாதிரி இருக்கறதுக்கு நார்பர்ட்கிட்டதான் நீ பாடம் கேக்கணும்" என்றபடி ஆர்லீன் எடுத்தாள். படம் அருமையாக வந்தது. 'மூன்றாம் நாள். நானும் கடலும் மட்டும்' என்று இரண்டு வரி எழுதி வெஸ்லி ஊருக்கு அனுப்பினார். கைபேசியில் உயிர் போகும் தறுவாயில் சார்ஜ் இருந்தது. பஸ்ஸில் செருகினார். பிறகு சீஸ் ஆலை. வெந்நீர் ஊற்றிய பொட்டலச் சோறு மட்டுமே இனித் தன் உணவு என்று அறிவித்திருந்த வெஸ்லி, இலவச சீஸ் வரிசையில் தொப்பியோடு ஒருமுறையும் தொப்பி இல்லாமல் இருமுறையும் போனார்.

கடைசி நிறுத்தம் கலங்கரை விளக்கம். அங்கேதான் ஆபத்து காத்திருந்தது.

"வாங்க சாமிகளா, குழுப்படம்! சாயந்திரமே நம்ம இணையப் பக்கத்துல போட்டுருவேன், உங்க சொந்தக்காரங்க எல்லாம் பாக்கலாம்" என்றாள் மார்லா. "தலையையும் அதுலயே எண்ணிருவேன். பஸ்ஸுக்குள்ள எண்ணினா ஒருத்தர் குனிஞ்சு செருப்பைத் தேடுவாரு. போட்டோவுல எண்ணினா யாரும் தப்ப முடியாது!"

வெஸ்லி அவசரமாக யோசித்தார். படத்தில் நின்றால் கிரெட்டா பார்ப்பாள். மறுத்தால் ஆர்லீன் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்துவாள். இந்த மாதிரிச் சமயங்களில்தான் ஏகாந்தரின் மூளை மின்னலாக வேலை செய்யும்.

"நீங்க நில்லுங்க மேடம், நான் எடுக்கறேன்."

மார்லாவின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒரு படத்துலயும் நான் இருந்ததில்ல தெரியுமா? நீ நல்லா இருக்கணும் ராசா!" ஓடிப்போய் நடுவில் நின்றாள். வெஸ்லி எடுத்தார். அவளுடைய கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். மார்லா படத்தைப் பெரிதாக்கி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினான்கு தலை. பஸ்ஸில் அவள் ஏற்றி வந்தவர்களும் பதினான்கு. கணக்குச் சரி. அதில் ஒரு தலை தன்னுடையது என்பது அவளுக்கு எப்படித் தோன்றும்? படத்தில் இருந்து பழக்கமில்லையே.

அந்த நேரம் பார்த்து, முந்தின நாள் விடுதிச் சமையலறையில் அறிமுகமான இரண்டு நிஜ நடையர்கள் முழங்கால்வரை சேற்றோடு பாதையில் ஏறி வந்தார்கள்.

"அடப்பாவி, எங்களுக்கு முன்னாடியே வந்துட்டியா! பறந்து வந்தியா என்ன?"

"காலையில சீக்கிரம் கிளம்பிட்டேன்" என்றார் வெஸ்லி. அது பொய்யும் இல்லை.

"பை எங்க?"

"அந்தப் பக்கம். கூடாரம் போட்டாச்சு." சொல்லிவிட்டு, சொன்ன திசையில் நடந்துதானே ஆகவேண்டும்? குதிகால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல, முகத்தில் மட்டும் புன்னகையோடு, வளைவு தாண்டிப் புதர் மறைவில் போய் நின்றார். அவர்கள் பேசிச் சிரித்து, தண்ணீர் குடித்து, ஒருவழியாக நகர்ந்த பிறகு திரும்பி வந்தார்.

திமிங்கலம் போய்விட்டிருந்தது.

மற்ற பஸ்களும் கிளம்பிவிட்டன. மேகம் விலகி, கடல்மேல் தங்கத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி ஒரு வெயில். அலை, காற்று, இரண்டு கடற்பறவைகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மனித உயிர் இல்லை. யாரையும் நகரச் சொல்ல வேண்டாம். வரிசை இல்லை. எந்த ஏகாந்தரும் கனவில் மட்டும் காண்கிற காட்சி. கைபேசியோ பஸ்ஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

படம் எடுக்க முடியாத தனிமைக்கு என்ன பெயர் என்று வெஸ்லிக்கு அப்போது தெரிந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பெயர். பையும் மழைச்சட்டையும் பஸ்ஸில். வெயில் முடிந்து தூறல் பிடித்தது. மனிதர் சாலையின் நடுவில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, ஆளில்லாத நெடுஞ்சாலையைப் பார்த்துக் கத்தினார்: "நானும் உங்க ஆளுதான்! நானும் உங்க ஆளுதான்!" கடற்பறவைகளும் பறந்துவிட்டன.

நன்றாக நனைந்து பல் தந்தியடிக்க ஆரம்பித்த பிறகுதான், வளைவில் அந்தச் சிரிக்கும் திமிங்கலம் திரும்பி வந்தது. ஜன்னல் வழியே ஆர்லீனின் தலையும் அவள் கையில் வெஸ்லியின் கைபேசியும்.

"தம்பீ! உங்க அக்கா லைன்ல இருக்கா! போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, என்ன அவசரமோன்னு எடுத்தேன். எடுத்தப்பதான் உன் இடம் காலியா இருக்கறதையே பாத்தேன். நம்ம பஸ்லதாம்மா வந்தான், சீஸ்கூட நல்லா சாப்பிட்டான், இப்பதான் எங்கயோ விட்டுட்டோம்னு எல்லாத்தையும் சொன்னேன். தங்கமான பொண்ணு. சிரிச்சா சிரிச்சா, அப்படிச் சிரிச்சா!"

கைபேசி கைக்கு வந்தது. அந்தப் பக்கம் கிரெட்டா மூச்சு வாங்கினாள். "டேய், வண்டி சௌகரியமா இருக்கா?"

பஸ்ஸின் கதவு திறந்தது. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. சபதம், நானூறு பேர், அலுவலகத்துக் கேக் எல்லாம் வெஸ்லியின் கண்முன் ஒருமுறை வந்துபோயின.

"சௌகரியமா இருக்குக்கா," என்றார், ஏறிக்கொண்டே. "ஹீட்டர் போட்டிருக்காங்க."

மார்லா எல்லோரையும் மறுபடி தூறலில் இறக்கினாள். கணக்கு தப்பிய படம் தன் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். நார்பர்ட் வந்து அவளுடைய கைபேசியை வாங்கிக்கொண்டார். வெஸ்லி நடுவில், ஆர்லீனின் பிடியில், ஸ்டிக்கர் வெளியே தெரிய நின்றார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்து நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். ஏகாந்தரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அன்று மாலையே அந்தப் படம் ஊருக்குப் போனது. 'தனிமையைத் தேடிப் போனேன், மனிதர்களைக் கண்டெடுத்தேன்' என்று கீழே எழுதியிருந்தது. அலுவலகமே உருகிவிட்டது. ஒருவர் அழுததாகவும் கேள்வி.

சரி, சிரித்து முடித்துவிட்டீர்களா? உங்கள் கைபேசியை எடுங்கள். மலையோ கடலோ பின்னால் இருக்க, நீங்கள் மட்டும் தன்னந்தனியாக, தொலைவைப் பார்த்தபடி, யாருமே பக்கத்தில் இல்லாத மாதிரி நிற்கிற படம் ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை.

எடுத்தது யார்?