நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள் காணாமல் போன வழக்கு

எந்தக் குழந்தையும் பசியோடு வகுப்பில் உட்கார்ந்ததில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் உலகத்திலேயே அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. மதிய உணவுப் பதிவேட்டின்படி பதினொரு வருடமாகத் தினமும் நூற்று எண்பது பேர் சாப்பிட்டார்கள். மழை, காய்ச்சல், கல்யாணம், எதுவும் அந்த எண்ணை அசைத்ததில்லை. அப்படி ஒரு கட்டுக்கோப்பு.

ஒரு மாதத்தின் முதல் தேதியன்று, பதிவேடு எழுதும் தலைமையாசிரியர் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் சமையற்காரம்மா எழுதினாள். 'நிர்வாக அனுபவம்' போதாத பெண். வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி, அறுபத்திரண்டு என்று எழுதித் தொலைத்துவிட்டாள்.

மறுநாளே கண்காணிப்புக் குழு வண்டியில் வந்து இறங்கியது. பதினொரு வருடத்தில் அதுதான் முதல் வருகை.

"மிச்சம் நூத்திப் பதினெட்டு புள்ளைங்க எங்கம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"அவங்க எப்பவுமே இல்லீங்களே."

"இல்லாதவங்க இத்தனை வருஷமா எப்படிம்மா சாப்பிட்டாங்க?"

"அதாங்க எனக்கும் புரியல. அரிசி மூட்டை மட்டும் கரெக்டா தீந்துபோயிடும்."

'மழுப்புகிறார்' என்று உதவியாளர் குறித்துக்கொண்டார்.

அடுத்து 'தர ஆய்வு' நடந்தது. குழுவினர் மூவரும் டிரைவருமாக உட்கார்ந்து, அண்டாவின் மேல்பகுதியையும் நடுப்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித்தனியாக ருசி பார்த்தார்கள். சந்தேகம் தீராமல் நடுப்பகுதியை மறு ஆய்வு செய்தார்கள். தரம் மிக நன்று என்று தலைவர் ஏப்பத்தோடு கையெழுத்திட்டார். வரிசையின் கடைசிப் பதினான்கு பிள்ளைகளுக்குக் கரண்டியில் ஒன்றும் வரவில்லை. ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டியபடியே நின்றாள்.

குழு கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் எழுதியது. பிறகு தீர்ப்பு வந்தது. ஒரே நாளில் நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகளைப் பட்டினி போட்ட குற்றத்துக்காக, சமையற்காரம்மா வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் வேலை போனா போகட்டுங்க ஐயா. நாளைக்கு இந்தப் புள்ளைங்களுக்கு யாரு சமைப்பாங்க?"

"எதுக்கும்மா சமைக்கணும்?" என்று தலைவர் பரிவோடு பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

மை இன்னும் காயவில்லை. மாதக் கடைசி வரைக்கும் நூற்று எண்பது பேரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.