விரல் கட்டியும் விடுவிப்பு உத்தரவும்

ஊழியர் மன அமைதிச் சுற்றறிக்கையின்படி அந்த அலுவலகத்தில் மேசைக்கு ஒரு மீன்தொட்டி வைத்தார்கள். கோப்புதான் நகரவில்லை, மீனாவது நகரட்டும் என்ற நல்லெண்ணம். பதினான்கு தொட்டிகளையும் வெறுங்கையால் தேய்த்துக் கழுவ ஒரு தொட்டிக்காரரை நியமித்தார்கள். கையுறை கேட்டு அவர் போட்ட மனு இன்றும் பரிசீலனையில் சௌக்கியமாக இருக்கிறது.

அவர் விரலில் ஒரு கட்டி வந்தது, ஆறுவேனா என்றது. "புற்றுநோயாவும் இருக்கலாம். சதையை எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். அலுவலகப் பதிவேட்டில் 'இருக்கலாம்' என்பதற்குக் கட்டம் கிடையாது. குமாஸ்தா 'புற்றுநோய்' என்றே எழுதி நீட்டினார். அதிகாரி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தொட்டிக்காரர் சகல மரியாதைகளுடன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் மனைவி மூன்று வாரம் அழுத அழுகை எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

சோதனை முடிவு வந்தது. தொட்டித் தண்ணீரிலிருந்து தொற்றிய கிருமியாம். சில மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமாம். போன உயிர் திரும்பி வந்து மனிதர் அலுவலகத்துக்கு ஓடினார்.

"ஐயா, எனக்குப் புற்றுநோய் இல்லையாம்! வேலைக்கு வந்துடட்டுமா?"

"இல்லைன்னு யார் சொன்னது?" என்றார் குமாஸ்தா.

"பரிசோதனைக்கூடத்துல."

"அவங்க விரலைப் பாத்தாங்க. கோப்பைப் பாத்தாங்களா?"

"கட்டி விரல்லதானேய்யா இருக்கு?"

"கையெழுத்து கோப்புலதானே இருக்கு? ரத்து பண்ணணும்னா அதிகாரி கையெழுத்து வேணும்."

அந்நேரம் அதிகாரியே வந்தார். தொட்டிக்காரர் போனதிலிருந்து எல்லாரையும்போல் தன் தொட்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தவர். "இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று கட்டி வந்த விரலைத் தொட்டிக்காரரிடம் நீட்டினார்.

"அதேதாங்கய்யா. பயப்படாதீங்க, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

'அதேதான்' என்ற சொல் குமாஸ்தாவுக்குப் போதுமானதாக இருந்தது. முன்னுதாரணம் கைவசம் இருந்தது. எழுதி நீட்டினார். அதிகாரி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, என் விஷயம்?" என்றார் தொட்டிக்காரர்.

"அடடா, அதுக்கு அதிகாரி வேணுமே! அவரை இப்பத்தானே விடுவிச்சோம்."

அதிகாரி பக்கத்திலேயே பேனாவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"புதுசா ஒருத்தர் வரட்டும், பாக்கலாம்" என்று குமாஸ்தா தன் கட்டைவிரலைச் சொறிந்தார்.

தொட்டிக்காரர் அதையே பார்த்தார். "ஐயா, உங்க விரல்ல..."

"ஒண்ணுமில்ல!" குமாஸ்தா கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மற்ற மேசைகளில் இருந்த எல்லாக் கைகளும் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் போயின.