சட்டி அக்கா ஆடாமல் நடந்த கதை

இயேசுநாதரை "அண்ணை" என்று கூப்பிட்டு, நேருக்கு நேர் நியாயம் கேட்டு, பதில் வரும்வரைக்கும் எழும்பமாட்டேன் என்று முழங்காலில் நின்ற ஒரே மனுஷி இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சட்டி அக்காதான். வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன், ஆனாலும் எழுதுங்கள்.

அச்சுவேலிப் பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில், குடியையும் குளிசையையும் விட்டுவிட வந்த பெண்களுக்கென்று கத்தோலிக்க சிஸ்டர்மார் நடத்துகிற ஓர் இல்லம் இருக்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்கவேண்டும். காலையும் மாலையும் செபம், நடுவில் தோட்டவேலை, குசினிவேலை, எல்லோரும் வட்டமாக இருந்து மனம்விட்டுக் கதைக்கிற ஒரு கூட்டம். நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நித்திரைக் குளிசை, அந்த மாத்திரை இல்லாமல் எனக்குக் கண் மூடாது. கந்தோரில் கௌரவமான உத்தியோகம் பார்த்தவள், மற்றவர்களைப் போல சாராயம் தொட்டவள் இல்லை என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. சட்டி அக்கா அதை முதல் நாளே உரித்துப் போட்டுவிட்டார்.

"தங்கச்சி, உமக்குப் பெட்டியிலை வந்தது, எனக்குப் போத்திலிலை வந்தது. ரெண்டு பேரும் இப்ப ஒரே வாங்கிலைதானே இருக்கிறம்" என்றார். பிறகு என்னுடைய தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்தார்.

அவர் பருத்தித்துறைப் பக்கத்து மீன்காரி. தலையில் மீன் கடகத்தோடு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரே இறங்கிவிடுவார் என்று சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வந்தபோது அவருடைய இரண்டு கைகளும் அப்படி நடுங்கின. குசினியில் நிறைத்துக் கொடுத்த தேத்தண்ணி நாங்கள் இருக்கிற வாங்கடிக்கு வந்து சேரும்போது அரைக் கோப்பைதான் இருக்கும். மிச்சம் அரைவாசி அவருடைய சட்டையிலும் என்னுடைய சட்டையிலும் இருக்கும்.

ஏன் குடிக்கத் தொடங்கினீர்கள் என்று கூட்டத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னவர்கள். என் பதில் இரண்டு நாள் போனது. சட்டி அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, குடிக்க விருப்பமாயிருந்தது, குடித்தேன் என்றார். ஏன் விட வந்தீர்கள் என்ற கேள்விக்குத்தான் அவர் நீளமாகப் பதில் சொன்னார்.

அவருடைய ஊர் அம்மன் கோயிலில் தேரன்று பெண்கள் கற்பூரச்சட்டி எடுப்பார்கள். மண்சட்டியில் கற்பூரம் எரிய, அடியில் வேப்பிலையை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தேருக்குப் பின்னால் வெளிவீதியைச் சுற்றி வரவேண்டும். போன தேருக்கு அக்காவும் சட்டி எடுத்தார். துணிவுக்கு என்று ஒரு மிடறு, அந்த மிடறுக்குத் துணையாக இன்னும் அரைப் போத்தில். பக்தி தலைக்கேறிப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவர் வீதி திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. நேரே போய், பாட்டுப் போட்டுக்கொண்டு நின்ற ஐஸ்கிறீம் வானைச் சுற்றத் தொடங்கிவிட்டார். வானில் கலர் லைற்றும் இருந்தது, அதனால் மூலஸ்தானம் என்று நினைத்தாராம். அவருக்குப் பின்னால் சட்டியோடு வந்த பதினொரு பெண்களும், முன்னால் போகிறவள் தெரிந்துதான் போகிறாள் என்று, அரோகரா சொல்லிக்கொண்டு வானை மூன்று முறை சுற்றினார்கள். ஐஸ்கிறீம்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தாமலே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாராம். கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோக ஓடிவந்த கோயில் செயலாளரின் பட்டுச் சால்வையில் அக்காவின் சட்டி கவிழ்ந்து, நல்லகாலம், சால்வை மட்டும் எரிந்தது.

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். இல்லத்துக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் செபமாலையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "என்ரை பெட்டையும் அங்கைதான் நிண்டவள். அவளுக்குப் பள்ளிக்கூடத்திலை இப்ப ஐஸ்கிறீம் எண்டுதான் பேர்." அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பதினைந்து வயது மகள். அந்தத் தேரன்றே பையைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தாய் போய்க் கூப்பிட்டபோது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாளாம்: "அதே கோயில், அதே வீதி. சட்டியோடை ஒரு சுத்து ஆடாமல் வாங்கோ. பேந்து அம்மா எண்டு கூப்பிடுறன்." அதிலிருந்து அவள் தாயை எப்படியும் கூப்பிடவில்லை. அக்கா இல்லத்துக்கு வந்தது அந்த ஒரு சுற்றுக்காக. அடுத்த தேர் வருவதற்குள் குடியும் போகவேண்டும், கை நடுக்கமும் போகவேண்டும்.

செபநேரத்தில் நாங்கள் ஆளுக்கு ஒரு வரி நன்றி சொல்லுவோம். அக்கா முறைப்பாடு சொல்லுவார். இன்று பின்னேரம் குடிக்கச் சொல்லி மனம் அரித்தது, அப்போது நீங்கள் எங்கே போனீர்கள் என்று இயேசுவைக் கேட்பார். இதையெல்லாம் பிறகு ஊர்க்கோயில் அம்மாளாச்சியிடமும் சொல்லவேண்டும், நீங்கள் கோவிக்கக் கூடாது என்று அறிவித்தலும் கொடுப்பார். யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் பெரிய சிஸ்டருக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் "அண்ணை" என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. ஆண்டவரே என்று சொல்லு பிள்ளை என்று ஒருநாள் கெஞ்சினார்.

"ஆண்டவர் எண்டு எனக்கு ஊரிலை ஒருத்தரையும் தெரியாது சிஸ்டர்" என்றார் அக்கா. "அண்ணைமாரைத்தான் தெரியும். கூப்பிட்டால் வருவினம்."



பெரிய சிஸ்டர் சந்நியாசம் எடுத்தவர்தான், ஆனால் அதற்கு மேலாக அவர் வலைப்பந்துப் பயிற்சியாளர். கொன்வென்ரில் பல வருஷம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டவர். கழுத்தில் சிலுவையோடு விசிலும் தொங்கும். கை நடுக்கம் என்றதும் அவருக்குப் பழைய இரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. கிணற்றடியில் மண்சட்டி நிறையத் தண்ணீர் மொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் குசினிவரை கொண்டுவரவேண்டும் என்றார். சிந்தினால் திரும்பக் கிணற்றடிக்குப் போகவேண்டும். ஒருவரும் உதவக்கூடாது.

கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் எங்கள் சோறு வேகவேண்டும். முதல் வாரம் நாங்கள் மத்தியானச் சோற்றைப் பின்னேரம் மூன்றரைக்குச் சாப்பிட்டோம். அக்கா பத்தடி நடப்பார், சிந்தும், விசில் ஊதும், திரும்புவார். எதை எடுத்தாலும் சட்டி ஏந்துவதுபோல நெஞ்சுக்கு நேரே ஏந்துகிற பழக்கமும் அப்போதுதான் வந்தது. தோய்த்த உடுப்பு, விளக்குமாறு, செபப்புத்தகம், ஒருமுறை பக்கத்து வீட்டுக் கோழி. சட்டி அக்கா என்ற பெயரை நான்தான் வைத்தேன். பசியில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாம் மாதம் தண்ணீர் சிந்தாமல் வந்தது. அக்கா நெருப்புக்கு மாறினார். இல்லத்துச் சிற்றாலயத்தைச் சுற்றிச் சீமெந்து நடைபாதை இருந்ததால் அங்கேயே கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நடந்தார். புகையைக் கண்ட தோட்டக்காரர் கோயில் பத்துகிறது என்று நினைத்து, வாழைக்கு இறைத்துக்கொண்டிருந்த ஹோசை இழுத்துக்கொண்டு வேலி பாய்ந்து வந்து அடித்தார். குறி தப்பித் தண்ணீர் முழுக்கப் பெரிய சிஸ்டரில் பட்டது. வெள்ளை உடுப்போடு நனைந்த கோழியாக நின்ற சிஸ்டர் அசையவில்லை. விசிலில் இருந்த தண்ணீரை உதறிவிட்டு, "நீ நட பிள்ளை, நிக்காதை" என்றார். அக்காவும் நிற்கவில்லை.

இப்படியே நேராகப் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குப் போன் எடுத்தார். எடுத்தவள், தாயின் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள். சிஸ்டர்மார் பூசைக்குப் போயிருந்தார்கள். வெளிப்படலை பூட்டியிருந்தது, பூட்டின் திறப்பு அன்றைக்கு என் பொறுப்பு. அக்கா பையோடு வந்து முன்னால் நின்றார். அரை மணித்தியாலம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், திறப்பைத் தா என்றார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் என் வீட்டுக் கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எனக்குப் புத்திமதி சொல்ல வராது. கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சட்டியை நிறைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். "வீட்டைச் சுத்தி ஒருக்கா வாங்கோ அக்கா. வந்து கேட்டால் திறப்புத் தாறன்" என்றேன். நீ ஒரு விசரி, நீ குளிசைக்காரி, நீ உருப்படமாட்டாய் என்று என்னைத் திட்டிக்கொண்டே சுற்றி வந்தார். வந்து கேட்டார். சிந்திப்போச்சு, திரும்பப் போங்கோ என்றேன். உண்மையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இரண்டாம் சுற்றிலும் திட்டினார். ஐந்தாம் சுற்றில் அழுதார். எத்தனை சுற்று என்று பிறகு எனக்கே தெரியவில்லை. பூசை முடிந்து சிஸ்டர்மார் வந்தபோது அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார், நான் படலையில் சாய்ந்தபடி விம்மிக்கொண்டிருந்தேன். திறப்பை அவர் கேட்க மறந்திருந்தார். அல்லது மறந்ததுபோல விட்டிருந்தார்.

ஆறு மாதம் முடிந்து பத்தாம் நாள் தேர். நான் என் தவணை முடிந்தும் அதற்காகவே அங்கே நின்றேன். பெரிய சிஸ்டர் ஒரு வான் பிடித்து இல்லத்தில் இருந்த அத்தனை பேரையும் ஏற்றினார். அம்மன் கோயில் வீதியில், மேளச் சத்தத்துக்கும் அரோகராவுக்கும் நடுவில், வெள்ளை உடுப்பும் விசிலுமாக அவர் இறங்கியபோது சனம் தானாக வழிவிட்டது. புதுச் சால்வையோடு நின்ற செயலாளர் மட்டும் எங்களைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். சட்டி எடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் கடைசியில்தான் வரவேண்டும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். தேர் இருப்பிடத்துக்குப் பக்கத்தில் மாமியோடு மகள் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் தாவணியின் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது.

தெற்கு வீதி போனது. மேற்கு வீதியும் போனது. வடக்கு வீதி மூலையில் மணல் கொதித்தது. அங்கேதான் அக்காவின் கை நடுங்கத் தொடங்கியது. சட்டியில் சுவாலை ஆடியதை நான் கண்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "இண்டைக்கும் போட்டிட்டுத்தான் வந்திருக்கிறாள்" என்றாள். நான் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு முன்னால் போன வயதான அம்மாவுக்கு வெயிலில் தலைசுற்றியது. அவர் கால் மடிந்தது, எரிகிற சட்டி சரிந்தது, பக்கத்தில் பத்துப் பதினைந்து சேலைகள். நாங்கள் கத்துவதற்குள் அக்கா தன் சட்டியை இடது கையில் மாற்றி, வலது உள்ளங்கையை அந்தச் சட்டிக்குக் கீழே கொடுத்து ஏந்திவிட்டார். ஆளை நாலு பேர் பிடித்து வேப்பமரத்துக்குக் கீழே கிடத்தினார்கள். கையொன்றில் ஒரு சட்டியாக, நெருப்பு இரண்டும் நேராக எரிய, அக்கா அசையாமல் நின்றார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியாத அதே கைகள்.

"அம்மா, உங்கடை நேர்த்தி எத்தினை சுத்து?" என்று கேட்டார்.

மூன்று சுற்று என்று அந்த அம்மா முனகினார்.

"சரி, நான் பாக்கிறன். நீங்கள் படுங்கோ."

முதல் சுற்று முடிகிற இடத்தில் மகள் நின்றாள். ஆறு மாதமாக நாங்கள் எல்லோரும் சோறு தண்ணியில்லாமல் காத்திருந்த இடம் அதுதான். அவள் முன்னுக்கு வந்து, "அம்மா" என்றாள்.

"பொறு பிள்ளை, இன்னும் ரெண்டு சுத்துக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அவளைக் கடந்து போய்விட்டார்.

பெட்டை வாயைத் திறந்தபடி நின்றாள். நாங்களும் அப்படித்தான் நின்றோம். பிறகு அவள் தண்ணீர்ப் பந்தலில் இருந்த வாளியைப் பறித்துக்கொண்டு ஓடினாள். தாயின் காலுக்கு முன்னால் கொதிக்கிற மணலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். ஊற்றுவதும் அழுவதும் சேர்ந்து நடந்தது. பெரிய சிஸ்டர் வீதியோரமாகக் கூடவே ஓடி, தோளை இறக்கு, தோளை இறக்கு என்று கத்தி விசில் ஊதினார். மூன்றாம் சுற்றில் செயலாளரே முன்னால் வந்து, விலகுங்கோ விலகுங்கோ என்று வழிபிரித்தார். சனம் முழுக்க அரோகரா சொன்னது. நானும் சொன்னேன், தொண்டை கிழிய.

சட்டிகளை இறக்கி வைத்ததும், கை நடுக்கம் எங்கே போனது என்று கேட்டேன். "அண்ணை ஒரு கையைப் பிடிச்சவர், அம்மாளாச்சி மற்றதைப் பிடிச்சவ" என்றார். பெரிய சிஸ்டர் அதை மறுக்கவில்லை. பிறகு அக்கா மகளைப் பார்த்து, இப்போது கூப்பிடு கேட்பம் என்றார். அவள் கூப்பிட்டாள். கேட்கவில்லை என்றார். இரண்டாம் முறையும் கேட்கவில்லை என்றார். மூன்றாம் முறை அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் தேர் இழுத்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது தாயும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்கா பழையபடி மீன் கடகத்தோடு பஸ்ஸில் ஏறுகிறார், கொண்டக்டர்மார் பழையபடி இறங்குகிறார்கள். போன கிழமை என் வீட்டுக்கு வந்து, குசினி துப்புரவில்லை என்று திட்டி, நானே வாங்கிய மீனுக்குக் குறை சொல்லி, என் தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் நான்தான் மூத்த பிள்ளை. எனக்கு ஓர் அக்கா கிடைத்தது நாற்பத்திரண்டாவது வயதில்.