முடிந்ததும் முடியாததும்

என் மனைவியைப் பரீட்சையில் தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன்.

நான் நாரின் என்ற மலை ஊரில் ஆங்கில வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலத்தின் காலங்களைக் கற்பிக்கிறேன். கெட்ட காலம் மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. அது நேராக வீட்டுக்கே வந்தது.

என் மனைவி பெயர் புருல்சா, ஆஸ்பத்திரி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷ வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஆங்கிலப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. மகள் கல்யாணமாகி தலைநகர் பிஷ்கெக் போய்விட்டாள். இவளும் போனால் வீட்டில் நானும் நிலக்கரி அடுப்பும்தான். அடுப்பு என்னைத் திட்டக்கூட திட்டாது.

"போகாதே" என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. இலக்கணம்தான் வந்தது.

"வாத்தியாரே, இந்த ரெண்டும் குழப்புது," என்று புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "'ஐ ஹேவ் ரிட்டன்' எப்போ? 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங்' எப்போ?"

முதலாவது, எழுதி முடித்தாயிற்று. இரண்டாவது, இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கே தெரியும்.

"ரொம்ப சுலபம்," என்றேன். "முதலாவது இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. ரெண்டாவது முடிஞ்சுபோச்சு."

"'பீன்'னு அவ்வளவு இழுக்கறோம், அதுவா முடிஞ்சுபோச்சு?"

"முடிஞ்ச நிம்மதியில இழுக்கறோம்."

"அடேங்கப்பா! கொடுத்துவச்ச இங்கிலீஷ்காரங்க."

ஒரு மாதம் இப்படியே போனது. அவள் தலையாட்டினாள், குறித்துக்கொண்டாள், எனக்குக் கூடுதலாக ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள். அதை அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

முடிவு வந்தது. பாஸ். இலக்கணத்தில் முழு மதிப்பெண்.

"எப்படி?" என்றேன்.

"நீங்க பொய் சொன்னா காது சிவந்துடும். அப்போ சொன்னதையெல்லாம் தலைகீழா எழுதினேன்."

"தெரிஞ்சும் ஏன் சண்டை போடல?"

பெட்டியில் துணி அடுக்கிய கை நின்றது. "சாயங்காலம் சாயங்காலம் பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்க. கெடுக்க மனசு வரல."

மார்ச்சில் போனாள். பனி போகவில்லை. தேநீர் போடும்போது இரண்டு கிண்ணம் எடுக்கிறேன், ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். பூர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரித்தேன்: பாதி மாவு, பாதி கரி. கரும்பலகையில் உதாரணம் எழுதப் போனால் கை தானாக 'அவள் போய்விட்டாள்' என்று எழுதுகிறது. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். எவள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டினாள். நீ இல்லாமல் முடியவில்லை என்று சொல்லிவிடுவது, அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். நம் மொழியில் வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமினேன்.

அவள் முந்திக்கொண்டாள். "பாத்திரம் கழுவியாச்சா?"

"ஐ ஹேவ் பீன் வாஷிங்," என்றேன் கம்பீரமாக.

"அப்போ முடிக்கல. முடிச்சிட்டுக் கூப்பிடுங்க," என்று போனை வைத்துவிட்டாள்.